கும்பகோணத்துப் பாலத்தைத் தனியாகக் கடந்தேன்

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் விழுப்புரம் வண்டி ஏறினோம், நானும் என் தம்பி ஏழுமலையும். எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூர். ஆறு வயதில் வந்த காய்ச்சலில் எனக்குப் பார்வை போய்விட்டது. பிறகு படித்து, வரலாற்றில் பட்டங்கள் வாங்கி, பல இடங்களுக்கு விண்ணப்பித்து, கடைசியில் கும்பகோணத்தில் காவிரிக் கரையில் இருக்கும் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை கிடைத்தது. புதன்கிழமை சேர வேண்டும். அதற்குள் அந்த ஊரின் தெரு எனக்குப் பழகிவிட வேண்டும் என்றுதான் இரண்டு நாள் முன்னதாகக் கிளம்பினோம்.

அம்மா லேசில் சம்மதிக்கவில்லை. "அங்க யாரு இருக்கா உனக்கு?" என்பதையே மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் விடவில்லை. முடிவில் தம்பியைக் கூப்பிட்டு, "ரூம்லேர்ந்து காலேஜ் வரைக்கும் அவ தனியா போயிட்டான்னா விட்டுட்டு வா. இல்லேன்னா கையோட கூட்டினு வந்துடு" என்றார். ஏழுமலை திருவண்ணாமலையில் செங்கம் சாலையில் ஆட்டோ ஓட்டுகிறான். அங்குள்ள ஆசிரமத்துக்கு வரும் வெளியூர்க்காரர்கள் வழி தெரியாமல் நிற்பதைத் தினமும் பார்ப்பவன். நான் அந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டேன். முடியுமா என்று எனக்குமே தெரிய வேண்டியிருந்தது.

வேட்டவலம், கண்டாச்சிபுரம் தாண்டி விழுப்புரம் அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கிருந்து கும்பகோணம் இன்னும் நூற்று இருபது கிலோமீட்டர் போல. வண்டி மாறினோம். பண்ருட்டியில் ஏறிய ஓர் அம்மாவோடு பலாப்பழ வாசனையும் ஏறி எங்கள் இருக்கை முழுக்க உட்கார்ந்துகொண்டது. அந்த அம்மா என் தலைக்கு மேலாகத் தம்பியிடம் கேட்டார்.

"இவங்கள எங்க கூட்டினு போறீங்க?"

"நான் எங்க கூட்டினு போறேன். அவங்க காலேஜ்ல பாடம் எடுக்கப் போறாங்க. நான் பையத் தூக்கினு கூடப் போறேன்."

அந்த அம்மா என் உள்ளங்கையில் இரண்டு சுளைகளை வைத்து, "சாப்புடு கண்ணு" என்றார். இந்தப் பயணத்தில் நான் தின்றவற்றில் அதுதான் நல்ல தீனி.

அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடக்கும்போது டயரின் சத்தம் மாறியது. ஜன்னல் வழியே ஈரக் காற்று வந்தது. "தண்ணி வருதுக்கா, செவப்பா" என்றான் தம்பி. எங்கள் பக்கத்தில் ஆறு என்றால் மணல். ஓடும் ஆற்றின் பக்கத்தில் குடியிருக்கப் போகிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மதியம் கும்பகோணம். போனில் பேசி வைத்திருந்த வீட்டுக்கு ஆட்டோவில் போய் இறங்கினோம். வீட்டுக்கார அம்மா பெயர் சாரதா. கணவர் இறந்த பிறகு மாடி அறையை வாடகைக்கு விடுகிறார். என் கையில் வெள்ளைக் கோலைப் பார்த்ததும் அவர் குரல் தயங்கியது.

"போன்ல இத சொல்லலியேம்மா."

"நீங்க கேக்கலீங்க."

"இஞ்ச மாடிப்படி செங்குத்தா இருக்கும். நீங்க விழுந்து கிழுந்து வச்சா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் அவன் கையைத் தொட்டு நிறுத்தினேன். கைப்பிடிச் சுவரைத் தேடிப் பிடித்து மேலே ஏறினேன், கதவைத் தள்ளி அறைக்குள் போனேன், ஜன்னலைத் திறந்தேன், மறுபடி இறங்கி வந்தேன். "படி நல்லா இருக்குதுங்க. மேலேர்ந்து மூணாவது படிதான் கொஞ்சம் ஒடஞ்சிருக்குது" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அதுல நானே ரெண்டு தடவ சறுக்கியிருக்கேன். சரி, வாங்க. ஒரு மாசம் பாப்போம்."

சாயங்காலம் தம்பியோடு வழி பழகக் கிளம்பினேன். கண் தெரியாதவர்கள் அடிகளை எண்ணி நடப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நான் எண்ணுவதில்லை. குறுக்கே ஒரு சைக்கிள் வந்தாலே எண்ணிக்கை போய்விடும். எனக்கு அடையாளங்கள் வேண்டும். வீட்டுச் சந்து முடியும் இடத்தில் காப்பிக்கொட்டை வறுத்து அரைக்கும் கடை. அங்கே இடது பக்கம் திரும்பினால் பாத்திரக் கடைகள், பித்தளையைத் தட்டிப் பார்க்கும் ஓசை. அதன் பிறகு வெற்றிலைக் கூடைகளின் பச்சை வாசனை. அங்கிருந்து வலது பக்கம் திரும்பினால் ஆறு, பாலம், எதிர்க்கரையில் கல்லூரி. இரண்டு முறை போய் வந்தோம். சுலபம்தான் என்று நினைத்துத் தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குத் தனியாக இறங்கினேன். தம்பி அறையிலேயே இருப்பதாகப் பேச்சு. சந்து முடிவுக்கு வந்திருப்பேன் என்று தோன்றியபோதும் காப்பி வாசனை வரவில்லை. இன்னும் கொஞ்சம் நடந்தேன். எங்கும் பித்தளை ஓசை இல்லை. கோலைக் கடைப்பக்கம் நீட்டினேன், இரும்பு ஷட்டரில் பட்டது. அப்போதுதான் புரிந்தது: நான் பழகி வைத்திருந்தது சாயங்காலத்துக் கும்பகோணம். காலை எட்டு மணிக்கு என் கடைகள் ஒன்றும் திறந்திருக்கவில்லை.

தோராயமாக ஓரிடத்தில் திரும்பினேன். நிறுத்தி வைத்த பைக்குகள் வரிசையாகக் கோலில் இடித்தன. தவறான தெரு. வியர்த்துவிட்டது. அம்மாவின் குரல் காதில் கேட்டது. அப்போது ஒருவர் கேட்காமலேயே என் முழங்கையைப் பிடித்து, "கோயிலுக்குத்தானேம்மா? வாங்க" என்று நடக்கத் தொடங்கினார்.

"கோயிலுக்கு இல்லீங்க. கைய விடுங்க."

"பரவால்லம்மா, நான் அந்தப் பக்கம்தான் போறேன்."

"நான் அந்தப் பக்கம் போகலீங்க" என்று கையை உருவிக்கொண்டேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். நல்ல மனிதர்தான். ஆனால் அவரோடு போயிருந்தால் அன்று கல்லூரிக்குப் போயிருக்க மாட்டேன், அதற்கு மறுநாளும்.

ஒரு சுவரோரம் அசையாமல் நின்றேன். ஒரு லாரி போனது. அதன் இரைச்சல் அடங்கியதும், வலது கன்னத்தில் ஈரக் காற்றின் குளிர்ச்சி தட்டியது. அந்தப் பக்கமே கோலைத் தட்டிப் போனேன். காற்று கூடியது. துணி துவைக்கும் சத்தம், பிறகு தண்ணீரின் சத்தம். கல்படியின் விளிம்பில் கோல் இறங்கியதும் நின்றேன்.

"யம்மா, அங்ஙனயே நில்லுங்க, படித்துறை இது" என்றது கீழே இருந்து ஒரு பெண்ணின் குரல்.

"காலேஜ் பாலத்துக்கு எப்படிங்க போறது?"

அவள் எழுந்து வரவில்லை. துவைப்பதை மட்டும் நிறுத்தினாள். "ஆத்த வலது கைப்பக்கம் வச்சுக்கிட்டே போங்க. ஒரு அரசமரம் வரும், வேரு காலத் தட்டும், பாத்து. அதத் தாண்டுனா பாலம்."

வேர் காலைத் தட்டியது. அதைத் தாண்டியதும் மாணவர்களின் பேச்சும் சைக்கிள் மணிகளும் கேட்டன. பாலத்தின் கைப்பிடியைத் தொட்டேன். நடுப்பாலத்தில், என் பின்னால் ஒரு செருப்பு இழுத்து இழுத்து நடந்து வருவதும் கேட்டது. அப்படி நடக்கிறவன் எங்கள் வீட்டில் ஒருவன்தான்.

"ஏழுமலை."

செருப்புச் சத்தம் நின்றது.

"டேய், எங்கேர்ந்து வர்ற?"

"வூட்டுலேர்ந்தேதான்" என்றான். "நீ தப்பா திரும்புனப்போ கூப்புட்டுடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சுக்கா."

"ஏன் கூப்புடல?"

"கூப்புட்டிருந்தா இன்னிக்கே ஊருக்கு பஸ் ஏறியிருப்போம்." அவன் என் பக்கத்தில் வந்து நடந்தான். "அந்தாளு உன் கையப் புடிச்சப்பதான் தாங்கல."

எதிர்க்கரையில் கல்லூரி வாசலைத் தொட்டேன். அங்கிருந்தே தம்பி அம்மாவுக்குப் போன் போட்டான். "போயிட்டாம்மா. தனியாத்தான்" என்றான். வழியில் நடந்த எதையும் சொல்லவில்லை.

புதன்கிழமை பணியில் சேர்ந்தேன். முதல் வகுப்பில் குரல்களுக்குப் பெயர் சேர்ப்பதிலேயே மணி அடித்துவிட்டது. மதியம் தம்பி விழுப்புரம் வண்டி ஏறினான். இறங்கும்போது போன் பண்ணு என்று நான் சொன்னேன், சாப்பிட்டியா என்று அவன் கேட்டான். வண்டி கிளம்பிவிட்டது.

கீழ்பென்னாத்தூரில் என்னைத் தெரியாதவர்கள் கிடையாது. கடைக்கு, பள்ளிக்கு, பேருந்துக்கு, யாராவது ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அத்தனையும் அன்புதான், மறுக்க மாட்டேன். ஆனால் முப்பது வருடத்தில் அங்கே எனக்கு யாரும் வழி சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை. முகம் தெரியாத ஒருத்தி, உட்கார்ந்த இடத்திலிருந்தே, வலது கைப்பக்கம் என்றாள். அதை வைத்துக்கொண்டு நான் ஓர் ஆற்றைக் கடந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் கல்லூரி முடிந்து அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பாத்திரக் கடைகளுக்குப் பக்கத்தில் எதிரே ஒரு பைக் வந்து நின்றது. ஓர் அப்பாவும் மகளும், ஏதோ வெளியூர். கல்லூரியில் சேர்க்கை விசாரிக்க வந்தவர்களாம். "ஏங்க, காலேஜுக்கு எந்தப் பக்கம்?" என்று அவர் கேட்டார். என் கோலை அவர் கவனித்தாரா இல்லையா, தெரியாது.

"நேரா போங்க. வெத்தல வாசன வரும், அங்க வலது பக்கம் திரும்புங்க" என்றேன்.

வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரம் போய், வலது பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது.