மூச்சு வாங்காத ஐம்பது மீட்டர்

எங்கள் தெருவில் அக்காவுக்குப் பெயர் சுறா. குழாயில் தண்ணீர் வராத நாளில், "சுறா வீட்ல போய்க் கேளுங்க, மொத்தத்தையும் அவதான் குடிச்சிருப்பா" என்று எதிர்வீட்டு அத்தை கத்துவார். அப்பாவுக்கு நீச்சல்குளத்தில் பம்ப் ஆபரேட்டர் வேலை. குளோரின் கலக்கப் போகும்போது அக்காவையும் கூட்டிப் போவார். அப்படித் தொற்றிய பழக்கம், பள்ளி, மாவட்டம், மாநிலம் என்று வளர்ந்தது. செய்தித்தாள்கள் அவளை 'மூச்சு வாங்காத மீன்' என்று எழுதின.

அது மிகையில்லை. ஐம்பது மீட்டர் வேக நீச்சலில் தலையைத் திருப்பி மூச்சு வாங்கினால் வேகம் குறையும். மற்றவர்கள் ஒருமுறையாவது வாங்குவார்கள். அக்கா வாங்கவே மாட்டாள்.

போன மாதம் ஒரு காலை, கோச் வருவதற்கு முன்பே பயிற்சியை ஆரம்பித்திருந்தாள். ஸ்டாப்வாட்சோடு நான் கரையில் நின்றேன். சுவரைத் தொட்டவள் லேன் பிரிக்கும் கயிற்றில் தொங்கினாள். உதடு நீலம். கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். இருமிக்கொண்டு மீண்டாள்.

"கோச்கிட்ட சொன்னே, உன்னை இதுலயே முக்கிடுவேன்."

"அம்மாகிட்டயாவது சொல்றேன்க்கா."

"வாயத் தொறக்காத. வரப்போற போட்டில முதல்ல வந்தா விளையாட்டுக் கோட்டால வேலை. அது கைக்கு வரட்டும்."

"ஒரே ஒரு தடவை மூச்சு வாங்கேன்."

"ஒரு மூச்சுக்கு ஒரு விரக்கடை தூரம் போயிடும்டா. ஜெயிக்கிறதும் தோக்கறதும் அதுலதான் இருக்கு."

எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். மூளைக்குக் காற்று போகாவிட்டால் என்ன ஆகும் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டு சும்மா இருப்பதற்குப் பெயர் படிப்பா? என்னையே கேட்டுக்கொண்டேன், யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

போட்டியன்று கேலரியில் அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். விசில் ஒலித்தது. எல்லோரும் குதித்தார்கள். நான் அக்காவின் தலையை மட்டும் பார்த்தேன். திரும்பு, திரும்பு என்று வேண்டினேன். திரும்பவில்லை.

"பாருடா, அம்பு மாதிரி போறா!" என்றாள் அம்மா.

கடைசியில் அவள் இடக்கை கோணலாக விழுந்தது. சுவரில் கை மோதியது. முடிவுப் பலகையில் அவள் பெயர் முதலில் வந்தது. அரங்கம் முழுக்கப் பலகையையே பார்த்தது. அவள் முகம் மட்டும் தண்ணீருக்குள்ளேயே இருந்தது. நான் கம்பியைத் தாண்டி ஓடினேன். அதற்குள் பக்கத்து லேன் பெண் அவள் தாடையைத் தூக்கிப் பிடித்தாள். கேலரியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது வாழ்த்தாகத் தெரிந்திருக்கும். அக்கா மூச்சை இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது.

பிறகு ஒரு நிருபர், "கடைசி மீட்டர்ல என்ன நெனச்சீங்க?" என்று கேட்டார்.

"எங்கம்மாவை" என்றாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீடு திரும்பும் பேருந்தில் அக்கா என் காதோரம் சாய்ந்தாள். "கடைசில என்ன ஆச்சுன்னே தெரியலடா. நான் சுவத்தத் தொட்டேனா?"

இனி மறைக்க முடியவில்லை. நீல உதடு முதல் இன்று நடந்தது வரை முன்சீட்டில் இருந்த அம்மாவிடம் கொட்டினேன். அக்கா என் தொடையைக் கிள்ளினாள், நான் நிறுத்தவில்லை.

அம்மா அக்காவின் பக்கம் திரும்பினாள். "வேலைக்குச் சேந்தப்புறம் நீந்த வேணாமில்ல?" என்றாள்.

"நீந்தறதுக்குத்தாம்மா வேலையே குடுக்கறாங்க" என்றாள் அக்கா.

"நீ படிச்சவன். சொல்லுடா, விட்டுடச் சொல்லவா?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

"சொல்லும்மா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அம்மா விடச் சொல்லவில்லை. கையை நீட்டி, அக்காவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

"உயிரோடதாம்மா இருக்கேன்" என்று அக்கா சிரித்தாள்.

அம்மா விரலை எடுக்கவில்லை.