மச்சானுக்குக் காட்டும் பிளக்

கச்சேரி முடிந்ததும் அக்கா கிட்டாரிலிருந்து பிளக்கை உருவித் தலைக்கு மேலே உயர்த்திப் பிடிப்பாள். பார்க்கிறவர்கள் அதை ஏதோ ஸ்டைல் என்று நினைத்துக் கைதட்டுவார்கள். அவள் காட்டுவதோ ஒரே ஒரு ஆளுக்கு. கூட்டத்தின் ஓரத்தில், ஜெனரேட்டர் பக்கத்தில் நிற்கும் மச்சான் அங்கிருந்து தலையை ஆட்டிய பிறகுதான் அவள் கையை இறக்குவாள்.

மச்சான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். குன்னூர்ப் பக்கம் வெடிமருந்துத் தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன். அங்கே வேலைக்குள் நுழைகிறவர்கள் தீப்பெட்டியையும் செல்போனையும் வாசலிலேயே கொடுத்துவிட்டு, சுவரில் பதித்திருக்கும் செப்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் காலெடுத்து வைக்க வேண்டுமாம். உடம்பில் ஒட்டியிருக்கும் துளி மின்சாரமும் பூமிக்கு இறங்கிவிட வேண்டும் என்பதற்காக. அந்தத் தகடு மச்சானோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. மிக்ஸியைத் தொடும் முன் தண்ணீர்க் குழாயைத் தொடுவார். பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டு, கேஸை மூடினோமா என்று பார்க்கத் திரும்பி வருவார். “அணைச்சுட்டேன்னு வாயில சொன்னாப் பத்தாது மாப்ள, புடுங்குன பிளக்கு கண்ணுல தெரியோணும்” என்பார். கரண்ட் வேலை என்றால் ஒரு கை எப்போதும் பேன்ட் பாக்கெட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அவருடைய இன்னொரு சட்டம். இரண்டு கையாலும் தொட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போய்விடும். அவரைக் கேலி செய்தபடியே நாங்கள் எல்லோரும் அவரைப் போலவே ஆகிக்கொண்டிருந்தோம். நானும் மொபைல் சர்வீஸ் கடையைப் பூட்டிய பிறகு பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிற ஆளாகிவிட்டேன்.

அக்கா ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தாள், கூடவே கோரஸும் பாடுவாள். எஸ்டேட் கல்யாணங்கள், மாரியம்மன் திருவிழாக்கள் எல்லாவற்றுக்கும் போகிற குழு. பாடகிகளைத் தவிர மேடையில் ஏறும் ஒரே பெண் அவள்தான். அவளுடைய பழைய கிட்டாரோ சீரியல் லைட் போட்டால் போதும், வண்டு புகுந்த மாதிரி இரைய ஆரம்பித்துவிடும். இரண்டு மூன்று கச்சேரி பொறுத்துப் பார்த்த குழுத் தலைவர் ஒருநாள், “கோவிச்சுக்காதீங்கம்மா, இன்னொரு தடவ சத்தம் கெட்டுதுன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறனுங்க” என்று சொல்லிவிட்டார். அக்கா வீட்டுக்கு வந்து அழவில்லை. கிட்டாரை உறையில் போட்டு பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டுச் சமைக்கப் போய்விட்டாள். மச்சான் அன்று சாப்பிடவே இல்லை.

கம்பியின் ஓசையை எடுத்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப்பில், பேட்டரியில் வேலை செய்யும் ஆக்டிவ் வகையைப் போட்டால் இரைச்சல் வராது என்று கேள்விப்பட்டு அவரே வாங்கி வந்தார். நான் கடையிலிருந்து சால்டரிங் கருவியைக் கொண்டுபோனேன். பிளக் செருகும் பழைய ஜாக்குக்கு இரண்டு கால், புதியதற்கு மூன்று. கூட வந்த வயரிங் படத்தில் பேட்டரியின் கறுப்பு வயர் நடுக்காலுக்குப் போனது. பிளக்கைச் செருகினால் அதன் உலோகம் நடுக்காலை எர்த்தோடு சேர்க்கும், பேட்டரி ஓடும், உருவினால் நிற்கும். அதாவது பிளக்கேதான் ஸ்விட்ச். மச்சான் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எர்த்துக்குப் போற வயர்ல எவனாவது ஸ்விட்ச்சு வெப்பானா? அச்சடிச்சவன் தப்பா அடிச்சுட்டான்” என்றார். இத்தனை வருஷம் எர்த்தை ஓரிடத்திலும் அறுபட விடாமல் காத்த மனுஷன். கறுப்பு வயரை நேராக எர்த்திலேயே பற்றவைத்தார். செருகிப் பார்த்தோம், இரைச்சல் துளியும் இல்லை. அக்கா வெகுநாள் கழித்துச் சிரித்தாள். பேட்டரி வருஷக் கணக்கில் வரும் என்று பெட்டியில் போட்டிருந்தது.

மறு மாதம் கிளென்மார்கன் பக்கம் ஒரு எஸ்டேட்டில் திருவிழா. பகல் கச்சேரிதான், ஆனாலும் பனி இறங்கியதால் மேடையைச் சுற்றி லைட் போட்டிருந்தார்கள். சவுண்டு பார்க்கும்போது அக்கா முதல் கம்பியைத் தட்டினாள். கிழிந்த தகரம் மாதிரி ஒரு சத்தம் வந்து அதுவும் தேய்ந்துபோனது. குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். மச்சான் பேட்டரியைக் கழற்றித் தன் கரண்ட் அளக்கும் மீட்டரை வைத்தார். செத்திருந்தது.

“ஏனுங்க, நான் ஒரு நாளும் பிளக்க உட்டு வெக்கலீங்க” என்றாள் அக்கா.

மச்சானுக்கு அப்போதுதான் புரிந்தது. “நீ புடுங்கினா என்ன, புடுங்காட்டி என்ன. நான் பண்ணுன வேலைல அது ராவும் பகலும் ஓடிட்டுத்தான் இருந்திருக்கு” என்றார். அந்தச் சதுர பேட்டரி எஸ்டேட் கடையில் கிடைக்காது. நடுவட்டம் போய்த் தேடி வருவதற்குள் கச்சேரியே முடிந்துவிடும். மச்சான் கையிலிருந்த மீட்டரைப் பார்த்தார். அதற்குள்ளும் அதே பேட்டரிதான். மைக்குக்கும் கிட்டார் கம்பிக்கும் இடையில் கரண்ட் இல்லை என்று முதலில் அளந்து உறுதி செய்துகொண்டார். பிறகு மீட்டரின் முதுகைத் திறந்து பேட்டரியை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். கிட்டார் சுத்தமாகப் பேசியது.

அவள் மைக் முன்னால் போய் நிற்கப் போகும் நேரம் பார்த்து லைன் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரைப் போட்டார்கள். கரண்ட் வரும் இடம் மாறிவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும் என்பார் மச்சான். மீட்டரோ வெறும் டப்பா, பேட்டரியைத் திரும்பக் கழற்றி மாட்ட நேரமில்லை. ஈரத்தில் டெஸ்டர் பொய் சொல்லும் என்று அதை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. கம்பியில் ஒரு கையும் மைக்கில் உதடுமாக அக்கா நிற்க வேண்டும். எர்த் சரியில்லையென்றால் இரண்டுக்கும் நடுவே கரண்ட் அவள் உடம்பு வழியாகப் பாயும். கூட்டம் விசிலடித்தது. தலைவர், “ஆரம்பிங்கம்மா, ஆரம்பிங்க” என்றார். எனக்கு நிறுத்துங்கள் என்று கத்தத் தோன்றியது, கத்தினால் அவளுடைய இடம் போய்விடும்.

மச்சான் மேடைக்கு ஓடினார். பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தார். இடது கையால் கிட்டார் கம்பிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வலது புறங்கையால் மைக்கைத் தொட்டார். கேஸை மூடினோமா என்பதற்கே பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வருகிற மனுஷன். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவையும் தொட்டார். பிறகு அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு இறங்கிவந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா அன்று வாசித்ததில் எனக்கு ஒன்றுகூட நினைவில்லை. மறுபடி ஆள் மாற்றும் பேச்சைத் தலைவர் எடுக்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

மறுநாளே கறுப்பு வயரை நடுக்காலுக்கு மாற்றினார். “இனி பிளக்குதான் ஸ்விட்ச்சுன்னா, புடுங்குனத நான் பாக்கோணும். எத்தன கூட்டம் இருந்தாலும் தூக்கிக் காட்டு” என்றார். அப்படி ஆரம்பித்ததுதான் அந்தக் கை உயர்த்தல்.

போன ஆடியில் மச்சான் போய்விட்டார். மாரடைப்பு. எல்லாவற்றுக்கும் பயந்த மனுஷனுக்கு அன்று பயப்படக்கூட நேரம் கிடைக்கவில்லை என்பதை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. அக்கா இந்த வருஷம்தான் மறுபடி மேடை ஏறினாள், அதே எஸ்டேட்டில். நான் துணைக்குப் போய் ஜெனரேட்டர் பக்கம் நின்றேன். கடைசிப் பாட்டு முடிந்ததும் பிளக்கை உருவினாள், உயர்த்தினாள். கைதட்டல் ஓய்ந்தது. மற்றவர்கள் வயர் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அவள் கை இறங்கவில்லை. எங்கே பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் தலையை ஆட்டினேன்.

அவள் கையை இறக்கிய பிறகுதான் கவனித்தேன், என் இடது கை பாக்கெட்டுக்குள் இருந்தது.