ரோசிக்குப் பார்த்த மாப்பிள்ளை

யுத்த காலத்தில் நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டின் நாலாம் மாடியில் இருந்தோம். எங்கள் சப்பை மூக்கு ‘பக்’ நாய் ரோசிக்குக் கொள்ளுப்பிட்டியில் அதே இனத்தில் மாப்பிள்ளை பார்த்து முற்றாக்கியிருந்தேன். பிறக்காத குட்டிகளுக்கு எங்கள் சொந்தக்காரருக்குள் போட்டி வேறு.

ஒரு நாள் காலை ஆமிக்காரர் மோப்ப நாயோடு செக்கிங் வந்தார்கள். லிஃப்ட் பழுது, நாயும் படியேறித்தான் வந்தது. சாத்தியிருந்த அறைக்குள்ளிருந்து பெரிய குறட்டை கேட்டது.

“உள்ளே படுத்திருக்கிற ஆள் யார்?” என்று ஒருவர் சிங்களத்தில் அதட்டினார்.

“ஆள் இல்லை, எங்கள் நாய்” என்றேன், நானும் சிங்களத்தில்.

அவர் நம்பவில்லை. துவக்கை நீட்டியபடி கதவைத் திறக்கச் சொன்னார். வாலை ஆட்டிக்கொண்டு ரோசி வந்தாள். அவருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

மோப்ப நாயிடம் ஓடிய ரோசி, ஹோலின் பாதி வழியிலேயே படுத்து மூச்சுக்குத் திணறினாள். நாக்கு நீலம் பாரித்திருந்தது. நாலு மாடி ஏறிவந்த நீள மூக்கு நாயோ களைப்பே இல்லாமல் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது. என் சிரிப்பு நின்றுவிட்டது. நான் செல்லமென்று கொண்டாடிய குறட்டை, அவள் ஒவ்வொரு மூச்சுக்கும் படுகிற பாடு. அதைத்தான் குட்டிகளுக்குச் சீதனமாகக் கொடுக்க இருந்தேன்.

அன்றே கொள்ளுப்பிட்டிக்குப் போன் பண்ணிச் சம்பந்தம் வேண்டாமென்றேன்.

“ஏன் தங்கச்சி, எங்கட மாப்பிள்ளையில என்ன குறை?”

“ஒரு குறையுமில்லை அக்கா. ரெண்டுக்கும் ஒரே மூக்கு. அந்தப் பொருத்தம்தான் பயமாக் கிடக்கு.”

போனுக்குள்ளால் மாப்பிள்ளையின் குறட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.