வெறும் பெட்டிகளுக்கு வழிவிட்ட நாள்

எங்கள் வீட்டு பேஸ்மென்றில், துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில், மெரூன் நிறச் சூட்கேஸ் ஒன்று நிற்கிறது. அதன் கைபிடியில் ஒரு கடதாசிப் பட்டி தொங்குகிறது. கப்பல் கொம்பனி அனுப்பிய பக்கத்தை வீட்டில் அச்செடுத்து, நாலாக மடித்து, ஸ்ரேப்ளர் அடித்து மாட்டியவன் நான்தான். துறைமுகத்தில் அதைப் பார்த்துப் பெட்டியை நேரே அறைக்குக் கொண்டுபோவார்கள் என்று அதில் போட்டிருந்தது. ஒரு கம்பி போதும். நான் ஏழு அடித்திருக்கிறேன். முக்கியமான காரியம் ஒன்றையும் ஒழுங்காகச் செய்யத் தெரியாதவன் சின்னக் காரியத்தில்தான் தன் முழுக் கெட்டித்தனத்தையும் காட்டுவான். அந்த ஏழு கம்பிகளும் இன்றுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கப்பல்தான் நிற்கவில்லை.

அது போர்மன் அண்ணையின் சூட்கேஸ். ஸ்காபரோவில் ஒரு பண்டகசாலையில் நானும் அவரும் ஒன்றாகக் கன்ரெய்னர்ப் பெட்டிகளில் வந்த சாமான் இறக்கினோம். நான் பதினொரு வருடம் இறக்கினேன். அவர் நான் வர முன்னரே தொடங்கி நான் போன பிறகும் இறக்கினார். வெயில் காலத்தில் அந்த இரும்புப் பெட்டிக்குள் நின்றால் பாண் சுடும் போறணைக்குள் நிற்பது போலிருக்கும். மாரியில் கையுறையையும் தாண்டி விரல் விறைக்கும். எந்தப் பெட்டிக்குள் சப்பாத்து, எதற்குள் கதிரை என்று கதவைத் திறக்க முன்னரே அண்ணை சொல்லுவார். போர்மன், அதாவது மேற்பார்வையாளர், என்பது நாங்கள் கொடுத்த பட்டம், கொம்பனி கொடுத்ததல்ல. மூன்று தரம் அந்த வேலை காலியானது. மூன்று தரமும் அவர் பழக்கிவிட்ட ஆட்களுக்கே போனது. ஒவ்வொரு முறையும் மனேஜர் தோளில் தட்டி, கொஞ்சம் பொறுமையாக இரு என்றார். அண்ணை அடுத்த பெட்டியின் கதவை வழமையைவிடப் பலமாகத் திறப்பார்.

அவருக்குக் காலை வேலை. அவருடைய மனைவிக்கு, நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவருக்கு, நகரத்துக் கந்தோர்க் கட்டடங்களைத் துப்புரவாக்கும் பின்னேர வேலை. அண்ணை வேலை முடிந்து வந்து இறங்கும் அதே பஸ்சில் அக்கா ஏறிப் போவார். கதவடியில் இருவருக்கும் கிடைப்பது நாலைந்து வினாடி. "சின்னவனுக்குக் காய்ச்சல், மருந்து குடுத்தனான்" என்று அக்கா ஏற, "சோத்தை இறக்கினனீரே?" என்று அண்ணை இறங்குவார். பஸ் சாரதிக்கும் பழகிப்போய், கதவைக் கொஞ்சம் தாமதித்துத்தான் மூடுவாராம். இருபத்தாறு வருடம் இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் முழித்திருக்க மற்றவர் தூங்குவார். ஆகவே அண்ணை ஓய்வு பெற்றதும் பிள்ளைகள் மொன்றியலிலிருந்து புறப்படும் கப்பலில் ஒரு கிழமைப் பயணத்தை ஒழுங்குசெய்து கொடுத்தபோது, அவர் கடலைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. "ஏழு நாளும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில முழிச்சிருப்பம், என்ன?" என்று என்னிடம் கேட்டார். கேட்டுவிட்டு வெட்கப்பட்டார்.

இனி என் திருவிளையாடல். அக்கா தங்கச்சி வீட்டுக்கென்று ஒரு கிழமை முன்னதாகவே மொன்றியல் போய்விட்டார். அண்ணையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை நானாகவே தலையில் தூக்கி வைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை. எனக்குப் பெரிய கப்பல் பார்க்க ஆசை, அவ்வளவுதான். காரில் போனால் கால் பிடிக்கும், ரயிலில் காலை நீட்டிக்கொண்டு போகலாம் என்று அவருக்கு ஆசை காட்டியதும் நான்தான். கப்பல் புதன்கிழமை. புத்தியுள்ளவன் முதல்நாளே போயிருப்பான். நான் தமிழ்க் கடையில் இலவசமாகத் தந்த கலண்டரைப் பார்த்தேன். முதல்நாள் செவ்வாய், பயணத்துக்கு ஆகாத நாள். "செவ்வாயோ வெறுவாயோ எண்டு சொல்லுறவை அண்ணை, புதன் விடியவே வெளிக்கிடுவம். மத்தியானம் ரயில் போயிடும், கப்பல் பின்னேரம் ஐஞ்சு மணிக்குத்தானே?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீ சொன்னால் சரி தம்பி" என்றார். வானூர்தியும் விண்கலமும் பறக்கிற நாட்டில் செவ்வாய்க்கிழமைக்குப் பயந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ரயில் நேரத்துக்கே புறப்பட்டது. அண்ணை புது சேர்ட் போட்டிருந்தார். பிக்கரிங் தாண்ட முன்னரே நான் ஆட்டிறைச்சி ரோல்ஸ் பெட்டியைத் திறந்துவிட்டேன். கிங்ஸ்டனைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் ரயில் மெல்ல மெல்ல வேகம் குறைந்து, பிரதான பாதையை விட்டு ஒதுங்கி, ஒரு சோளக் காட்டுக்குப் பக்கத்தில் நின்றது. சரக்கு ரயில் வருகிறது, அதற்கு வழிவிட வேண்டும் என்று ஒலிபெருக்கி சொன்னது. பாதை சரக்கு ரயில்காரருடையதாம். பயணிகள் அதில் வாடகைக் குடித்தனமாம். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் சொல்லி, கடைசியில் எங்கள் பொறுமைக்கு நன்றி சொன்னார்கள். அரை மணித்தியாலம் கழித்து அது வந்தது. தலை எங்கே வால் எங்கே என்று தெரியாத நீளம். அண்ணை ஆரம்பத்தில் ரசித்தார். "உது கதிரை மேசை. உது கார் ரயர். உது எங்கடை கொம்பனிக்கு வாற நிறம், பாத்தியே?" என்று பழைய சிநேகிதர்களைக் கண்டது போலக் காட்டினார். ரயில் புறப்பட்டது. பிறகு இன்னொரு ஊர் தாண்டி மறுபடி ஒதுங்கியது. இம்முறை ஒரு மணித்தியாலத்துக்கு மேல். இன்னொரு சரக்கு ரயில் பின்னாலிருந்து வந்து, நாங்கள் போகும் திசையிலேயே எங்களைக் கடந்து போனது.

அண்ணை காதைக் கொடுத்துக் கேட்டார். முகம் மாறியது. "டேய், சத்தத்தைக் கேள்" என்றார். எனக்குத் தடதடவென்றுதான் கேட்டது. "உந்தச் சத்தம் சாமான் இருக்கிற பெட்டியில வராது. உதெல்லாம் வெறும் பெட்டி. திரும்பக் கப்பலில ஏத்த மொன்றியலுக்குக் கொண்டு போறாங்கள்." எழுந்து நின்றார். "வெறும் பெட்டியடா! உள்ளுக்குள்ளை காத்து! அந்தக் காத்துக்கு வழிவிட்டுப்போட்டு நாங்கள் சோளத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறம். உதுக்குள்ளை இருந்ததெல்லாம் ஆர் இறக்கினது? நானடா! பெட்டி நேரத்துக்குக் கப்பல் ஏறும். இறக்கினவன் ஏறமாட்டான்." பிஸ்கட் கொண்டுவந்த இளைஞர் பயந்துபோய் நின்றார். அண்ணை உடனே குரலைத் தணித்து ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டு, "உவன் பாவம், எங்களைப்போல வேலை செய்யிறவன்" என்று என்னிடம் சொன்னார். நான் கவலையில் நாலாவது ரோல்ஸைச் சாப்பிட்டேன்.

மூன்றாம் முறையும் ரயில் நின்று மூன்று மணித்தியாலம் ஆனபோது அக்காவின் அழைப்பு வந்தது. அண்ணைக்குப் போனைக் காதில் வைத்துக் கேட்கத் தெரியாது, ஸ்பீக்கரில்தான் பேசுவார். ரயில் பெட்டியிலிருந்த எல்லோரும் கேட்டார்கள்.

"இஞ்சருங்கோ, இன்னும் பத்து நிமிசத்தில கதவைப் பூட்டப் போகினமாம். எங்கை நிக்கிறியள்?"

"சோளக் காட்டுக்குள்ளை."

"என்ன விளையாட்டே?"

"இல்லையப்பா, நான் வந்து சேரமாட்டன். நீர் ஏறும். ஒராளாவது போகட்டும். பிள்ளையள் ஆசையாய்ச் செய்தது."

அந்தப் பக்கம் கடற்பறவைகளின் கத்தல் கேட்டது. பிறகு அக்கா சொன்னார்: "இவ்வளவு காலமும் நீங்கள் இறங்க நான் ஏறினன். இண்டைக்கு ஏறமாட்டன்." அழைப்பு நின்றது.

அண்ணை போனை என் கையில் தந்துவிட்டுச் சோளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரியாக அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி மீண்டும் எங்கள் பொறுமைக்கு நன்றி சொன்னது. அவர் அவ்வளவு கோபப்பட்டு நான் கண்டதில்லை. அது ஒலிபெருக்கி மேல் வந்த கோபம் மட்டுமல்ல. தோளில் தட்டிய மனேஜரும் அன்று அந்தச் சோளக் காட்டில் நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். "பொறுமையை நான் குடுக்கேல்லை!" என்று கூரையைப் பார்த்துச் சத்தம் போட்டார். "அவையள் எடுத்தவை! கேளாமல் எடுத்துப்போட்டு நன்றி சொல்லீனம்!" பிறகு, பண்டகசாலை ஆங்கிலத்தில் அதையே எல்லோருக்குமாகச் சொன்னார். எதிர்ப்பக்கத்தில் பின்னல் பின்னிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா ஊசிகளை மடியில் வைத்துவிட்டுக் கை தட்டினார்.

நாங்கள் துறைமுகத்துக்குப் போனபோது கப்பல் ஆற்றங்கரையை விட்டு விலகிவிட்டது. ஸ்காபரோ அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று குடியிருப்பவர்களோடு இடம் மாறுவது போல அது போய்க்கொண்டிருந்தது. அக்கா தன் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் அழவில்லை. "காலமையில இருந்து ஒண்டும் சாப்பிடேல்லை. ரோல்ஸ் கிடக்கே?" என்றார். அண்ணை என்னைக் காட்டி, "இவன் திண்டிட்டான்" என்றார். அது மட்டும்தான் அன்று அவர் என் மேல் வைத்த குற்றம். "ஆர் உங்களை இண்டைக்கே வெளிக்கிடச் சொன்னது?" என்று அக்கா கேட்டபோது, "நான்தான். செவ்வாயில வெளிக்கிட வேண்டாமெண்டு பாத்தன்" என்றார் அண்ணை. ஊர் முழுவதும் வாய்க்காரன் என்று பெயரெடுத்த நான், வாயைத் திறக்க வேண்டிய ஒரே இடத்தில் கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் தங்கச்சி வீட்டுக்குப் போகவில்லை. ஆற்றைப் பார்த்த ஒரு ஹோட்டலில் அந்த ஏழு நாளும் தங்கிவிட்டார்கள். தினமும் காலையில் அண்ணை எழும்பி, "இண்டைக்கு உமக்கு வேலையில்லைத்தானே?" என்று கேட்பாராம். அக்கா சிரித்துச் சிரித்து இதைச் சொல்லுவார். கேட்டவர்கள் எல்லோரும், அப்ப நல்லதாத்தானே முடிஞ்சுது என்பார்கள். அண்ணைக்கு உடனே மூக்கு சிவக்கும். "நல்லா முடிஞ்சால் பிழை சரியாப் போயிடுமே? சந்தோசமா இருந்தது எங்கடை கெட்டித்தனம். அவையின்ரை புண்ணியம் இல்லை." அவருக்காக நான் ரயில்காரருக்கு முறைப்பாடு எழுதினேன். பதில் வந்தது: பொறுமைக்கு நன்றி, அடுத்த பயணத்துக்கு அரைக் கட்டணக் கூப்பன் ஒன்று. அண்ணை அதைத் திருப்பி அனுப்பச் சொன்னார். "வெறும் பெட்டிக்குக் குடுக்கச் சொல்லு" என்றார். அப்படியே எழுதி அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை.

அண்ணை காலமாகி இரண்டு மாரி கடந்துவிட்டது. போன மாதம் அக்கா மகனோடு பிக்கரிங்கில் குடியேற வீட்டை ஒதுக்கினார். உதவப் போன என்னிடம் அந்த மெரூன் சூட்கேசைத் தந்தார். பட்டி அப்படியே தொங்கியது. கப்பல் அறையில் யாராவது கிழித்தெடுக்க வேண்டிய பட்டி. அதைக் கண்டதும் என்னால் அடக்க முடியவில்லை. "அக்கா, செவ்வாய்க்கிழமை எண்டு சொன்னது அண்ணை இல்லை, நான்" என்றேன்.

"தெரியும்" என்றார், பாத்திரத்தைக் கடதாசியில் சுற்றிக்கொண்டே. "கலியாணத்துக்கே நாள் பாக்க வேண்டாமெண்டு சண்டை பிடிச்ச மனிசன். அந்தாள் செவ்வாய் பாக்குமே?"

"அப்ப ஏன் என்னை ஒண்டும் கேட்கேல்லை?"

"ரோல்ஸைத் திண்டதுக்கே அந்த முழி முழிச்சாய். இதையும் கேட்டிருந்தால் ஆத்துக்குள்ளை விழுந்திருப்பாய்."

சூட்கேசைக் காரின் பின்சீற்றில் வைத்துக்கொண்டு வீடு திரும்பும்போது ரயில் கடவையில் மணியடித்து, தடுப்புக் கட்டை இறங்கியது. கன்ரெய்னர்கள் வரத் தொடங்கின. கண்ணாடியை இறக்கிக் காதைக் கொடுத்தேன். இப்போது எனக்கும் வித்தியாசம் தெரிந்தது. எல்லாம் வெறும் பெட்டி. நான் ஹோர்னில் கையை வைத்து அழுத்தினேன். பெட்டிகளுக்குக் காதில்லை, தெரியும். பின்னால் நின்ற காரும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து அடித்தது. கடைசிப் பெட்டி போகும்வரை நான் கையை எடுக்கவில்லை.