அசைவில்லாத ஒரு காலை

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தது. எட்டாம் மாதம். கஹவத்தைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். காலையில் சீனி போட்டுத் தேத்தண்ணி குடித்தால், கோப்பையைக் கீழே வைப்பதற்குள் வலது விலாவுக்குக் கீழே ஓர் உதை விழும். அன்று விழவில்லை. இன்னொரு கோப்பை குடித்தேன். இடது பக்கம் சாய்ந்து படுத்தேன். வயிறு கல்லைப்போல் சும்மா கிடந்தது.

"தூங்குது புள்ள. நீயே பயந்து அதையும் பயமுறுத்தாத" என்றார் மாமியார்.

எனக்கு முதல் பிள்ளையின் ஞாபகம் வந்துவிட்டது. அது ஏழாம் மாதம். இரண்டு நாள் அசைவே இல்லை. நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு ஒரே அறைதான். மாமனாரும் கொழுந்தனும் இருக்கிற இடத்தில் வயிற்றைப் பற்றிப் பேச வெட்கம். மூன்றாம் நாள் சொன்னபோது மிட்வைஃப் வயிற்றில் குழலை வைத்துக் கேட்டார். இடம் மாற்றி மாற்றி வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்கவேயில்லை. எடுத்த பிறகு, ஆண் பிள்ளை என்று மட்டும் சொன்னார்கள்.

இந்தப் பிள்ளை அசையாத அன்று நாற்று மேடையில் களை பிடுங்க உட்கார்ந்தேன். ஒரு கை புல்லில், ஒரு கை வயிற்றில். பத்து மணி சங்கு ஊதியபோது எழுந்து ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகைக்கு நடந்தேன். என் வீட்டுக்காரர் பால் வாளியோடு வரிசையில் நின்றார். கணக்கப்பிள்ளை, கங்காணி, சுற்றிலும் ஆம்பிளைகள்.

"புள்ள அசையல" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. எல்லாரும் திரும்பினார்கள்.

"வீட்டுக்குப் போ, நான் வாறேன்" என்றார் அவர், மெதுவாக.

"வீட்டுக்கு இல்ல. ஆஸ்பத்திரிக்கு."

வாளியைக் கங்காணிதான் அவர் கையிலிருந்து வாங்கினார். "போடா, கூட்டிக்கிட்டுப் போ. பால நான் நிறுத்துப் போடுறேன்."

இரத்தினபுரி பஸ்ஸில் ஒரு சிங்களப் பொம்பளை எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். பெல்மதுளையைத் தாண்டியபோது உள்ளே ஏதோ லேசாகப் புரண்டது. உதை இல்லை, ஒரு நெளிவு. நான் வீட்டுக்காரர் கையைப் பிடித்தேன்.

"அசஞ்சிச்சா? அப்ப எறங்கித் திரும்பிப் போவமா?" அவர் முகம் தெளிந்துவிட்டது. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம்; ஆஸ்பத்திரியில் யாரும் ஏச மாட்டார்கள். ஆனால் தினமும் அது உதைக்கிற உதை எனக்குத் தெரியும். இது அதுவல்ல.

"இல்ல. போவோம்."

வார்டில் நர்ஸ், "பபா அத ஹெல்லுனாத?" என்று கேட்டார், பிள்ளை இன்றைக்கு அசைந்ததா என்று. ஒரு தரம்தான் என்று சிங்களத்திலேயே சொன்னேன். இந்த அம்மாவும் முகத்தைத் திருப்பிக்கொள்வாரோ என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திருப்பவில்லை. டொக்டரைக் கூப்பிட்டார். நெஞ்சுத் துடிப்பு இருக்கிறது, ஆனால் விட்டுவிட்டு அடிக்கிறது என்றார்கள். ஒப்பரேஷனுக்குக் கைநாட்டு வாங்கினார்கள். பின்னேரம் மூன்று மணிக்கெல்லாம் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்துவிட்டார்கள்.

பெண் பிள்ளை. கழுத்தில் கொடி இரண்டு சுற்று. அழவில்லையாம், முதுகில் தட்டித் தட்டித்தான் அழ வைத்தார்களாம். கண்ணாடிப் பெட்டியில் ஒன்பது நாள் இருந்தாள். வீட்டுக்காரர் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பார். பஸ்ஸில் திரும்பிப் போகலாம் என்று கேட்டதை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில் அந்த நர்ஸிடம், முதல் பிள்ளைக்கும் இப்படி ஓடிவந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டேன். "தெரியாதும்மா" என்றார். அந்தப் பதில் இன்னும் எனக்குள் கிடக்கிறது.

தோட்டத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் பிள்ளை வீரிட்டு அழுதாள். முன்னால் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். "பால் குடுத்துப் பாரேன்" என்றார் வீட்டுக்காரர்.

"இப்பத்தான் குடிச்சா. அழட்டும்" என்றேன். அவள் அழுதுகொண்டிருக்கும்வரை எனக்குப் பயமில்லை. தூங்கிவிட்டால்தான் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.