ராசி டேப்பும் பச்சையம்மாவின் முறுக்கும்

1. மூன்று மணி ஷோ

லைவ் பேண்டில் சவுண்டு மிக்சர் முன்னால் நான் முதன்முதலாக உட்கார்ந்த நாளில், அங்கே உட்கார வேண்டிய ஆள் திருமலையில் தரிசனத்துக்குக் காத்திருக்கும் கம்பார்ட்மெண்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் கோவிந்தன். எங்கள் 'தோத்தாபுரி லைவ் பேண்ட்' தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் சவுண்டு. மொட்டை போடும் வேண்டுதல் ஒன்று பாக்கி இருந்ததால் முந்தின நாள் காலையில் மலையேறினார். "சாயங்காலமே தரிசனம் முடிஞ்சிடும், நாளைக்கி மத்தியானம் சித்தூர்ல நிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குப் பார்த்து மலையில் அப்படி ஒரு கூட்டம். செல்போனை ஒப்படைத்துவிட்டுத்தான் வரிசைக்குள் போக வேண்டும் என்பது திருப்பதிப் பக்கம் குழந்தைக்கும் தெரியும். ஆக, எங்கள் பேண்டில் எந்த ஒயர் எங்கே போகிறது என்று அறிந்த ஒரே மனிதர் பெருமாள் பொறுப்பில் இருந்தார். அவருடைய போனுக்கு நாங்கள் இருபது தடவை அடித்தோம்.

நான் அப்போது பேண்டில் வெறும் எலக்ட்ரிக்கல். அதற்கு முன் ஏர்பேட்டில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தேன். முப்பத்து நாலு வயதில் பாட்டுப் பைத்தியம் முற்றி, கடையை மச்சினனிடம் கொடுத்துவிட்டு இந்த வேலையில் சேர்ந்தேன். ஊரில் எல்லோரிடமும் 'சவுண்ட் இன்ஜினியர்' என்று வேறு சொல்லி வைத்திருந்தேன். வேலை போனால் என் கடையிலேயே மச்சினனிடம் கூலிக்கு நிற்க வேண்டும். அந்தப் பயல் எனக்கு லீவு கூடக் கொடுக்க மாட்டான்.

பேண்டின் முதலாளி தாமோதரம் அண்ணா. கீபோர்டும் அவரே வாசிப்பார். அன்றைக்கு ஷோ சித்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், ஒரு மாம்பழக் கூழ் பேக்டரிக்காரர்களின் சீசன் விழா. நைட் ஷிஃப்ட் ஆட்கள் ஏழு மணிக்கு வேலைக்குப் போக வேண்டும் என்பதால் மத்தியானம் மூன்று மணிக்கே ஆரம்பம். எங்கள் வேன் மாங்காய் டிராக்டர்களின் வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, ரெண்டே காலுக்குத்தான் மண்டபத்துக்கு வந்தது. அண்ணா என்னைக் கூப்பிட்டார்.

"ஏமய்யா முனிரத்தினம், மிக்சர்ல உக்கார்றியா?"

"உக்கார்றேண்ணா."

"இதோ பாரு. ஷோ முடியறதுக்குள்ள சவுண்டப் பத்தி ஒரே ஒரு கம்ப்ளெயிண்ட் வந்துச்சின்னு வெச்சிக்கோ, நாளைக்கி காலையில ஏர்பேடு பஸ்ஸு. போயி மோட்டர் சுத்திக்கினு இரு."

சரி என்று தலையாட்டினேன். மிக்சர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

2. தொடக்கூடாத டேப்

மிக்சர் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு சேனல், ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு பேடர். பேடரை மேலே தள்ளினால் சத்தம் வரும், கீழே இழுத்தால் நிற்கும். எது யாருடையது என்று தெரிவதற்காகப் பேடர்களுக்குக் கீழே ஒரு வெள்ளை டேப் ஒட்டி அதில் பேர் எழுதுவார்கள். ஷோவுக்கு ஷோ புது டேப் ஒட்டுவதுதான் எல்லா ஊரிலும் வழக்கம்.

எங்கள் பேண்டில் அது கிடையாது. பல வருஷத்துக்கு முன் சந்திரகிரியில் ஒரு ஷோ செய்திருக்கிறார்கள். கொட்டுகிற மழையில் ஜனங்கள் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு ஒன்ஸ் மோர் கேட்டார்களாம். அன்றிலிருந்து அந்த டேப் ராசியான டேப் ஆகிவிட்டது. அண்ணா ஷோவுக்கு முன் அதற்குக் குங்குமப் பொட்டு வைத்து, ஊதுபத்தி காட்டுவார். "டேப்ல கைய வெச்சே, கைய ஒடச்சிடுவேன்" என்பது பேண்டில் சேரும் எல்லோருக்கும் அவர் சொல்லும் முதல் பாடம்.

இதற்குள் ஆட்கள் மாறினார்கள், ஒயர்கள் இடம் மாறின, டேப் மட்டும் மாறவே இல்லை. 'டிரம்ஸ்' என்று எழுதிய பேடரில் புல்லாங்குழல் வந்தது. 'மோகன்' என்று எழுதிய இடத்தில் டோலக் வந்தது. மோகன் என்ற பாடகர் குவைத்துக்குப் போய் அங்கே டிரைவராக இருக்கிறார். இந்த லட்சணத்தில் எல்லாவற்றையும் கோவிந்தன் மனப்பாடமாக வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

நான் ஒவ்வொருவரையும் தட்டச் சொல்லி, ஊதச் சொல்லி, எது எங்கே என்று உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டேன். கடைசியில் ரெண்டு பேடர் மிஞ்சின. ஒன்றில் 'ஹேமா' என்றும் இன்னொன்றில் 'ரசிகர்' என்றும் எழுதியிருந்தது. ஹேமா எங்கள் பாடகி. அப்போது உள்ளே புடவை மாற்றிக்கொண்டிருந்தது. ரசிகர் மைக் என்பது எங்கள் பேண்டின் தனி வழக்கம். மேடைக்குக் கீழே, முன்வரிசைக்கு நேராக ஒரு ஸ்டாண்டில் நிற்கும். இன்டர்வெல்லில் ஜனங்கள் அதில் வந்து பேசுவார்கள், பாட்டுக் கேட்பார்கள். வேலூர் பஸ்ஸில் வருகிறவர்கள் தமிழ்ப் பாட்டுக் கேட்பார்கள், திருப்பதிக்காரர்கள் தெலுங்குப் பாட்டு. நகரியிலிருந்து ஒரு பவர்லூம்காரர் தவறாமல் வந்து, "டிரம்மர் பரவால்ல, ஆனா எங்க தறி இத விட கரெக்டா அடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஹேமா முதல் நாளிலிருந்து பேண்டில் இருக்கிற பெண், அந்தப் பேராவது சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். ரசிகர் பேடரை அடியோடு இழுத்து மூடினேன். எழுந்து போய் அந்த மைக்கை ஒரு விரலால் தட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

3. எக்கோவோடு ஒரு முறுக்கு

பிள்ளையார் பாட்டை ஆண் பாடகர் முடித்தார். ஹேமா மேடைக்கு வந்தது. விசில் பறந்தது. 'ஹேமா' பேடரை மேலே தள்ளினேன்.

குரல் வந்தது. ஆனால் ஹேமாவின் குரல் மெல்லிசானது, பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் சொல்வது மாதிரி இருக்கும். இது பத்து எச்.பி. மோட்டார் ஸ்டார்ட் ஆகிற மாதிரி கணீரென்று வந்தது. சுருதி மட்டும் இம்மி பிசகவில்லை. பெண்ணுக்குச் சளி பிடித்திருக்கிறது போல என்று நினைத்து, பேஸைக் குறைத்து, கொஞ்சம் எக்கோ ஏற்றினேன். ஜனங்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். எனக்குப் பின்னால் ஒருவர், "ஹேமாக்கா இன்னிக்கி பின்றாங்கடா!" என்று கத்தினார். நானும் பெருமையாகத் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன்.

முதல் சரணம் முடிந்து புல்லாங்குழல் மட்டும் வாசிக்கிற இடம் வந்தது. அப்போது பெரிய ஸ்பீக்கர் ரெண்டிலும் இப்படிக் கேட்டது:

"ஏ ராஜேஸ்வரி! அந்த முறுக்கு பாக்கெட்ட இப்டி குடு. நீயே துன்னுக்கினு இருக்கிற?"

அடுத்து, 'கறக்' என்று முறுக்கைக் கடிக்கிற சத்தம் வந்தது. நான்தான் எக்கோ ஏற்றி வைத்திருந்தேனே, அது கறக் கறக் கறக் என்று சுவருக்குச் சுவர் போய் வந்தது. மொத்தக் கூட்டமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மேடையில் தாமோதரம் அண்ணா தன் கீபோர்டைத்தான் ரசிக்கிறார்கள் என்று நினைத்து எழுந்து ஒரு கும்பிடு போட்டார்.

ஹேமாவின் வாயைப் பார்த்தேன், மூடியிருந்தது. முன்வரிசையைப் பார்த்தேன். ரசிகர் மைக்குக்கு நேர் எதிரே, கையில் முறுக்குப் பாக்கெட்டோடு பச்சையம்மா உட்கார்ந்திருந்தார்.

பச்சையம்மா கூழ் பேக்டரியில் பழம் பொறுக்கும் பிரிவுக்கு சூப்பர்வைசர். ஐம்பது வயதிருக்கும். மிஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி வளர்ந்த குரல். ஹேமாவின் பெரிய விசிறி. நாலு வருஷமாகப் புத்தூரானாலும் காளஹஸ்தியானாலும் பஸ் பிடித்து வந்து முன்வரிசையில் உட்காருவார், ஷோ முழுவதும் கூடவே பாடுவார். ஹேமா எங்கே மூச்சு விடுமோ அங்கேதான் அவரும் விடுவார்.

விஷயம் அப்போதுதான் மண்டையில் ஏறியது. 'ஹேமா' என்று எழுதிய பேடரில் ரசிகர் மைக்கும், 'ரசிகர்' என்று எழுதியதில் ஹேமாவின் மைக்கும் வந்துகொண்டிருந்தன. நான் பாடகியை மூடிவிட்டுப் பச்சையம்மாவைத் திறந்து வைத்திருக்கிறேன். மேடையில் இருப்பவர்கள் கேட்பதற்காக அங்கேயே வைத்திருக்கும் மானிட்டர் ஸ்பீக்கருக்கு என் பேடரோடு சம்பந்தம் இல்லை, அதில் ஹேமா குரல்தான் போய்க்கொண்டிருந்தது. அதனால் மேடையில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பெரிய ஸ்பீக்கர்கள் முன்வரிசையைத் தாண்டிப் பின்னால் பார்த்து நிற்பவை. மேடைச் சத்தத்திலும் தன் சத்தத்திலும் பச்சையம்மாவுக்கும் ஸ்பீக்கரில் போவது தன் குரல்தான் என்று புரியவில்லை.

பேடரில் கை வைக்கப் போனேன். அதற்குள் அடுத்த செய்தி வந்துவிட்டது.

"பொடவ நல்லாத்தான் கீது. ரவிக்கதான் தொளதொளன்னு கீது. எளச்சிட்டாடி பாவம். சரியா துன்றதில்ல போல."

படாரென்று அந்தப் பேடரை இழுத்து, இன்னொன்றைத் தள்ளினேன். ஹேமாவின் சொந்தக் குரல் மெல்லிசாக வந்தது. உடனே பின்வரிசைகளில், "சவுண்டு! சவுண்டு!" என்று ஒரே கூச்சல். "மைக்கு போச்சிடா!" என்றார் ஒருவர். அண்ணா கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். எனக்கு ஏர்பேடு பஸ் தெரிந்தது, அதன் படியில் என் மச்சினன் நிற்பது தெரிந்தது. பயத்தில் பச்சையம்மாவையே மறுபடி திறந்துவிட்டேன். விசில் கூரையைப் பிய்த்தது.

இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. தொண்டை வலிக்கப் பாடுகிற ஒரு பெண்ணை மூடிவைத்து என் வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன். இன்டர்வெல் வரை அஞ்சு பாட்டு அப்படித்தான் போயிற்று. பாட்டு வந்தால் திறப்பேன், முறுக்கு வந்தால் மூடுவேன்.

4. இன்டர்வெல்

ஹேமா போனைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தது. பின்வரிசையில் இருந்த அதன் வீட்டுக்காரர் வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார்.

"முனிரத்தினம் அண்ணா, இதுல முறுக்கு கேக்கறது யாரு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. டேப், பேடர், பச்சையம்மா, மச்சினன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அதன் கண் நிறைந்துவிட்டது.

"அஞ்சு பாட்டுண்ணா. அஞ்சு பாட்டும் சும்மா வாய அசைச்சிக்கினு நின்னேனா? அப்ப கை தட்டினதெல்லாம்?"

"அந்தம்மாவுக்கும்மா."

"இப்பவே போயி கேக்கறேன். வந்தா வாய மூடிக்கினு பாட்டு கேக்கணும்னு சொல்றேன்."

ஹேமா ரெண்டு அடி எடுத்து வைத்தது. அதற்குள் ரசிகர் மைக் நேரம் வந்து, பச்சையம்மா முதல் ஆளாக மைக்கைப் பிடித்துவிட்டார்.

"எல்லாருக்கும் வணக்கம். ஹேமா, நாலு வருசமா உன் பாட்ட கேக்கறேன். இன்னிக்கி மாரி நீ என்னிக்குமே பாடினதில்லம்மா. இந்த ஜனம் தட்டற தட்டப் பாத்து எனக்கு அழுவையே வந்துடிச்சி. நானே பாடறாப்பல இருந்திச்சி. நடுவுல ஏதோ முறுக்கு ஜோக் கூட சொன்னீங்களாமே, எனக்குதான் சரியா கேக்கல. நல்லாரு தாயி."

ஹேமா நின்ற இடத்திலேயே நின்றது. முகத்தைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் இருக்கும்போதே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. எழுந்தபோது, "அண்ணா, ரெண்டு பேரையும் தொறந்து வையி. அவங்கள கொஞ்சம் கம்மியா. முறுக்குக்கு மட்டும் மூடிடு" என்றது.

அப்படியே செய்தேன். ரெண்டு குரலும் சேர்ந்து ஒலித்ததை இன்று நினைத்தாலும் புல்லரிக்கிறது. நகரி பவர்லூம்காரரே எழுந்து நின்று, "சால பாக உந்தி!" என்று தெலுங்கில் பாராட்டிக் கத்தினார்.

5. ஒரே ஒரு கம்ப்ளெயிண்ட்

ஷோ முடிந்ததும் ஹேமா அண்ணாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, நான் பையைக் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் பச்சையம்மா வேகமாக வந்தார்.

"சார், நீங்கதான ஓனரு? ஒரு கம்ப்ளெயிண்ட் கீது."

அண்ணா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சொல்லுங்கம்மா."

"மொதல் பாதி அமிர்தம். ரெண்டாவது பாதில ஹேமா பாடும்போது யாரோ ஒரு பொம்பள கூடக்கூடப் பாடிக்கினே இருந்தா சார். ஒரே தொந்தரவு. யாருன்னு கண்டுபுடிச்சி வாய மூடிக்கினு இருக்கச் சொல்லுங்க."

ஹேமா புடவை அறைக்குள் ஓடிவிட்டது. அண்ணாவுக்கு மீசை துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை. "அடுத்த தடவ கண்டுபுடிச்சிடறோம்மா" என்று கும்பிட்டு அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"இது ஆடியன்சப் பத்தின கம்ப்ளெயிண்ட்டு. சவுண்டப் பத்தி எதுவும் வரல. போயி ஒயர சுத்து."

மறுநாள் கோவிந்தன் மொட்டைத் தலையும் லட்டுமாக வந்தார். ஹேமா ஒயர் சாக்கெட்டில் லூசாக இருந்ததால், முன்பே ஒரு ஷோவில் அதையும் ரசிகர் மைக் ஒயரையும் இடம் மாற்றிச் சொருகினாராம். "மனசுல வெச்சிருந்தேனே, டேப்புல எதுக்கு?" என்றார். டேப் இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது. சித்தூர் ஷோவுக்குப் பிறகு அண்ணா அதற்கு ரெண்டாவது பொட்டும் வைக்கிறார்.

இப்போது எனக்கு முட்டிவலி, மிக்சரை இளசுகளிடம் விட்டாயிற்று. அவர்கள் டேப்லெட்டில் விரலை இழுத்தே சவுண்ட் செய்கிறார்கள். திரையில் பேர் எல்லாம் அழகாகத்தான் வருகிறது. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். யார் என்ன எழுதி வைத்திருந்தாலும் நம்பாதீர்கள். எழுந்து போய் ஒவ்வொரு மைக்கையும் உங்கள் கையால் தட்டிப் பாருங்கள். தட்டி முடித்து வரும்போது, முன்வரிசையில் யார் மடியிலாவது முறுக்குப் பாக்கெட் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்.