தீபத்தன்று சத்தமில்லாத ஓர் அறை

இன்று கார்த்திகை தீபம். ஸ்டேஷனுக்கு அருகே மூன்றாவதாக ஏறிய லாட்ஜில், சத்தமில்லாத, வாடகை குறைந்த அறை கேட்கிறேன்.

“பின்பக்கம் ஒண்ணு இருக்குதுங்க. கரி இன்ஜின் எப்பவாவது வரும், மத்தபடி சத்தமில்ல. ஜன்னல்ல மலை தெரியாது, அதான் வாடகை கம்மி,” என்கிறார் மேனேஜர்.

எடுத்துக்கொள்கிறேன். பொழுது சாய்ந்ததும் குளித்துவிட்டு வெளியே வந்தால் லாட்ஜே இருட்டாக இருக்கிறது.

“கரண்ட் போயிடுச்சா?”

“இல்லைங்க. மலை மேல ஏத்துன அப்புறம்தான் இங்க விளக்கு. சீக்கிரம் மாடிக்கு வாங்க,” என்று அகல் தட்டோடு ஓடுகிறார் மேனேஜர். நானும் பின்னாலேயே ஓடுகிறேன்.

மாடி நிறைய ஆட்கள், எல்லோர் கண்ணும் மலையுச்சியில். அங்கே ஒரு பொறி தெரிகிறது, பிறகு நெருப்பு எழுகிறது. ஊரே அரோகரா என்கிறது. சத்தமில்லாத அறை கேட்டு வந்தவன், மேனேஜரைவிடப் பலமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன்.